யாருக்குப் போகிற கடுதாசி இது? தலையங்கம் படிக்கவும் எழுதவும் ஒரு முழு வழிகாட்டி

சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் காலை ஆறு மணிக்கு நாளிதழ் வந்து விழும். ஆறேகாலுக்குள் அது தாள் தாளாகப் பிரிந்துவிடும். விளையாட்டுப் பக்கம் ஒருவர் கையில், சினிமா விளம்பரம் இன்னொருவர் கையில், உள்ளூர்ச் செய்தி மூன்றாமவர் மடியில். தலையங்கம் இருக்கிற நடுத்தாள் மட்டும் பெஞ்சிலேயே கிடக்கும். பத்து மணிக்கு வடை மடிக்க முதலில் கிழிபடுவதும் அதுதான்.

அந்த நடுத்தாளுக்காகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போது போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கும், பத்திரிகை வேலைக்குப் போக நினைக்கிற பிள்ளைகளுக்கும் வாரம் ஒருநாள் தலையங்கம் படிக்கவும் எழுதவும் சொல்லித் தருகிறேன். அந்த வகுப்பில் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நான் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். உதவி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் திருமணிமுத்தாறு பற்றி ஒரு தலையங்கம் எழுதச் சொன்னார்கள். சேர்வராயன் மலையில் தெளிந்த நீராகப் பிறந்து, சேலம் ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேர்ந்து நிறம் மாறுகிற ஆறு அது. உணர்ச்சி பொங்க எழுதினேன். ‘சம்பந்தப்பட்டவர்கள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும், இல்லையேல் வருங்காலத் தலைமுறை நம்மை மன்னிக்காது’ என்று முடித்தேன். மூத்த ஆசிரியர் சிவப்புப் பேனாவைத் திறந்தார், எதையும் அடிக்காமல் மூடினார். ‘தம்பி, இது யாருக்குப் போற கடுதாசி? கவர் மேல அட்ரஸே இல்லையே’ என்றார். அன்றைக்கு வேறு ஒரு தலையங்கம்தான் அச்சானது.

கீழே வருகிற படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறவைதான்.

முதல் படி: எது தலையங்கம் என்று தெரிந்துகொள்வது

நடுப்பக்கத்தில் அச்சாகிற எல்லாமே தலையங்கம் ஆகிவிடாது. எழுதியவர் பெயரோடு வருவது கட்டுரை. அதிலிருக்கும் கருத்துக்கு அவர் பொறுப்பு. வாசகர் கடிதத்துக்கு வாசகர். தலையங்கத்தில் பெயர் இருக்காது. பத்திரிகையின் பெயருக்கடியில், ‘நாம்’ என்று பேசும். அதை எழுதியது நேற்றுச் சேர்ந்த உதவி ஆசிரியராகவே இருந்தாலும் அது நிறுவனத்தின் குரல். பத்திரிகையில் எங்காவது ஓர் ஓரத்தில் பொடி எழுத்தில் வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் பெயர்கள் இருக்கும் பாருங்கள். வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய பெயர்கள் அவை.

வழக்கு என்பதைச் சும்மா சொல்லவில்லை. 1933-இல் ‘குடி அரசு’ தலையங்கம் ஒன்றுக்காக ராஜத்துரோக வழக்கில் பெரியார் சிறைக்குப் போனார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட சில நாளில், 1975 ஜூன் 28 அன்று, ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெற்றிடமாகவே விட்டு அச்சிட்டது. ஒரு வரிகூட இல்லாத அந்தத் தலையங்கத்தை ஐம்பது வருடம் கழித்தும் பேசுகிறார்கள். அந்த இடத்தில் வழக்கமாக ஒரு குரல் ஒலிக்கும் என்று வாசகருக்குத் தெரிந்திருந்ததால்தான் வெற்றிடத்துக்கு அர்த்தம் வந்தது.

இரண்டாம் படி: பென்சிலோடு படிப்பது

பலர் செய்தி படிக்கிற வேகத்தில் தலையங்கத்தையும் படித்துவிட்டு ‘நல்லா எழுதியிருக்காங்க’ என்று தாளை மடித்துவிடுகிறார்கள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் புள்ளிவிவரங்களை மட்டும் நோட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். இரண்டு விதத்திலும் பாதிதான் கிடைக்கும்.

பென்சில் எடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ஓர் எழுத்து போடுங்கள். நடந்ததைச் சொன்னால் ‘செ’, செய்தி. ஏன், எதனால் என்று சொன்னால் ‘வா’, வாதம். எதிர்த்தரப்பு சொல்வதை எடுத்துச் சொன்னால் ‘எ’. யாராவது எதையாவது செய்ய வேண்டும் என்றால் ‘கோ’, கோரிக்கை. நாலே எழுத்து. பத்து நாள் செய்தால் கண் பழகிவிடும். ‘எ’ ஒன்றுகூட இல்லாத தலையங்கங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் எல்லோரும் முதல் வாரத்திலேயே கவனிக்கிற விஷயம் இது.

அடுத்து, ‘ஆனால்’ எங்கே இருக்கிறது என்று தேடி வட்டமிடுங்கள். ‘அதே சமயம்’, ‘எனினும்’, ‘இருந்தபோதிலும்’ எல்லாம் அதன் பங்காளிகள். அரசின் திட்டம் ஒன்றை முதல் பத்தியில் ‘வரவேற்கத்தக்கது’ என்று தொடங்குவார்கள். மூன்றாம் பத்தியில் ஒரு ‘ஆனால்’ வரும். பத்திரிகை உண்மையிலேயே சொல்ல வந்தது பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கும். கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம், ஆனா…’ என்று ஒரு மாமா இழுத்தால் எல்லோரும் எதைக் கேட்கக் காது கொடுக்கிறார்களோ, அதே இடம்.

மூன்றாவதாக, வினைச்சொற்களின் சூடு. ‘பரிசீலிக்கலாம்’ என்பது வெதுவெதுப்பு. ‘பரிசீலிக்க வேண்டும்’ என்றால் கொஞ்சம் சூடு, ஆனாலும் பத்திரிகை இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம். ‘உடனே நிறுத்த வேண்டும்’ என்றால் கொதி. ‘வருந்தத்தக்கது’, ‘கண்டிக்கத்தக்கது’ இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதும்போது எந்தச் சொல் வருகிறது என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் அந்தப் பத்திரிகையின் சாய்வு தானாகத் தெரிந்துவிடும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது வேலைக்கு இரண்டு பத்திரிகை வேண்டும். ஒரே நாளில் ஒரே விஷயத்துக்கு இரண்டு தலையங்கம் வந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலில் நிலம் எடுக்கும் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையைச் செல்லும் என்றது. இரண்டு நாள்களிலும் வந்த தலையங்கங்களை நூலகத்தில் தேடி எடுங்கள். தீர்ப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தப் பத்திரிகை விவசாயியிலிருந்து தொடங்குகிறது, எது பயண நேரத்திலிருந்து தொடங்குகிறது, எது சட்ட நடைமுறையிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் வாக்கியத்தில் யார் நிற்கிறாரோ அவர் பக்கம்தான் பத்திரிகையும் நிற்கும். எப்போதும் இல்லை, ஆனால் நான் பார்த்தவரை அடிக்கடி.

மூன்றாம் படி: பொருளைச் சின்னதாக்குவது

இனி எழுதும் பக்கம். ‘ஊழல் ஒழிய வேண்டும்’, ‘இயற்கையைக் காப்போம்’, ‘இளைஞர்கள் திருந்த வேண்டும்’ ஆகியவற்றில் எழுத ஒன்றுமில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்ல எதிரே ஆளே கிடையாதே! ஒரு பொருளை எடுத்ததும் உங்களையே கேளுங்கள்: இதற்கு ‘கூடாது’ என்று சொல்கிற ஒரு நியாயமான மனிதர் இருக்கிறாரா? இருந்தால் எழுதலாம்.

சேலத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஜவ்வரிசியில் கலப்படம், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுத் தொழிலாளியின் கூலி, மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பதா தண்ணீர் இருப்பைப் பார்த்துத் திறப்பதா என்ற பழைய விவாதம். இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொள்வது ஏற்காடு. விடுமுறை நாள் வாகன நெரிசல். அதிலும் ஒரே கேள்வி: ஏற்காட்டுக்கும் வாகன வரம்பு வேண்டுமா?

நான்காம் படி: போய்ப் பார்ப்பது, கணக்குப் பார்ப்பது

மேசையில் உட்கார்ந்து எழுதின தலையங்கத்துக்கு ஒரு வாடை உண்டு. சட்டென்று தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அடிவாரத்தில் போய் நில்லுங்கள். இறங்குகிற கார்களின் பிரேக் சூட்டில் ரப்பர் தீய்ந்த மணம் வரும். பேருந்து கடைசி வளைவிலிருந்து வெளியே வரும்போது ஓட்டுநரின் முகத்தைப் பாருங்கள். நடத்துநரிடம் ‘எத்தனை மணிக்கு மேலிருந்து எடுத்தீங்க?’ என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேர் கையில் பலாப்பழமும் மிளகுப் பொட்டலமும் இருக்கிறது, எத்தனை பேர் கையில் ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கிறது என்று கவனியுங்கள். தலையங்கத்தின் முதல் வாக்கியம் அந்தக் கையில்தான் கிடைக்கும்.

பிறகு உறுதியான தகவல்கள். அடிவாரம் வழியாக ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு நாளொன்றுக்கு வரம்பு: வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் விலக்கு. இவ்வளவு போதும். 400 சொல் தலையங்கத்துக்கு ஐந்தாறு தகவலுக்கு மேல் ஏற்றினால் அது அறிக்கையாகிவிடும்.

அரசிடமிருந்து எண்ணிக்கை வேண்டுமென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. நாளைய தலையங்கத்துக்கு உதவாது. ஆனால் கோடை வருவது தெரிந்த விஷயம்தானே, ஜனவரியிலேயே கேட்டு வைக்கலாம்.

ஐந்தாம் படி: எதிர்த்தரப்பை அவர் வாயாலேயே எழுதுவது

இதைத்தான் நான் அதிக நேரம் சொல்லித் தருவேன். வரம்பு வேண்டும் என்று எழுதப்போகிறீர்கள் என்றால், முதலில் வேண்டாம் என்பவரிடம் போங்கள். ஏரிக்கரைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் சொன்னது: ‘சனி, ஞாயிறு ரெண்டு நாள்தானுங்க எங்களுக்கு வாரமே. மிச்ச அஞ்சு நாள் ஈ ஓட்டறோம். அந்த ரெண்டு நாள்லயும் கேட்டைப் போட்டா நாங்க எங்கீங்க போறது?’

இதை ‘சிலர் வருமானம் பாதிக்கும் என்று கூறுகின்றனர்’ என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துபோவது சுலபம். அப்படி எழுதினால் அவர் அந்தத் தலையங்கத்தை முதல் பத்தியிலேயே கீழே வைத்துவிடுவார். அவரே படித்துவிட்டு ‘ஆமாங்க, நான் சொன்னதைத்தான் போட்டிருக்காரு’ என்று தலையாட்டுகிற மாதிரி எழுதுங்கள். அதன்பிறகு நீங்கள் சொல்கிற ‘ஆனால்’-ஐ அவர் கேட்பார். இன்னொன்றும் நடக்கும்: எதிர்த்தரப்பை நேர்மையாக எழுதும்போது உங்கள் கோரிக்கையே மாறிவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது. வரம்பு வேண்டும் என்று எழுதப்போனவன், கீழே நீங்கள் பார்க்கப்போகிற இடத்தில் வந்து நின்றேன்.

ஆறாம் படி: கடைசிப் பத்தியை முதலில் எழுதுவது

வெள்ளைத் தாளில் மூன்று கேள்வி எழுதிப் பதில் போடுங்கள். யார்? என்ன? எப்போதுக்குள்? இதற்கு விடை தெரியாமல் முதல் பத்தியைத் தொடாதீர்கள்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதுதான் தொல்லையும். ‘நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்’, ‘சாலை சீரமைக்கப்பட வேண்டும்’, ‘விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட வேண்டும்’. எழுவாயே இல்லாமல் கோரிக்கை வைத்துவிடலாம். அந்தப் ‘பட வேண்டும்’ எங்கே வந்தாலும் கோடு போட்டு, ‘யாரால்?’ என்று எழுதுங்கள். நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, வனத்துறையா, காவல்துறையா? பதிலை எழுவாயாக்கி வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘நெடுஞ்சாலைத் துறை இந்தப் பாதையைச் சீரமைக்க வேண்டும்’ என்றானதும் அந்த அலுவலகத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த திருச்செங்கோட்டின் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணை. பத்திரிகை முழுக்க ஒரே கோரிக்கை, மதுவிலக்கு. பின்னால் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்), 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இதே சேலம் மாவட்டத்தில். கோரிக்கை வைத்தவரே உத்தரவு போடும் நாற்காலிக்குப் போவது எல்லோருக்கும் வாய்க்காது, சரி. மதுவிலக்கு பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். அந்தப் பத்திரிகை என்ன கேட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

ஏழாம் படி: எழுதுவது

இப்போது முழுசாக ஒன்று.

முதலில் எண்ணுங்கள்

விடுமுறை நாள் மாலையில் ஏற்காட்டிலிருந்து இறங்கும் அரசுப் பேருந்து, வளைவுக்கு வளைவு கார் வரிசைக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே சுற்றுலா முடித்துத் திரும்புகிறவர்கள் மட்டும் இல்லை. மடியில் மருத்துவமனைக் கோப்போடு சேலத்துக்குப் போகும் மலைக்கிராமத்துப் பெண்ணும் இருக்கிறார்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வாகனம் என்ற வரம்பும் வந்தது. ஏற்காட்டுக்கும் அது வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

வேண்டாம் என்பவர்களின் கவலை எளிதில் தள்ளக்கூடியது அல்ல. வாரத்தில் இரண்டே நாள் வியாபாரம் நடக்கும் ஊரில் அந்த இரண்டு நாளில் கைவைத்தால் கடைக்காரரும் விடுதித் தொழிலாளியும் எங்கே போவார்கள்? ஆனால், 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையை வண்டிகள் பெருகப் பெருக அகலப்படுத்திக்கொண்டே போகவும் முடியாது. மலையை வெட்டினால் கனமழையில் அது சரிந்து பாதையிலேயே விழும்.

வரம்பு வேண்டும், வேண்டாம் என்று வாதாடுவதற்கு முன் ஏறுகிற வண்டி எத்தனை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அடுத்த கோடை விழாவுக்கு முந்தைய மூன்று மாதங்களில், அடிவாரத்திலும் குப்பனூர் பாதையிலும் ஏறும் வாகனங்களை நாள்வாரியாக எண்ணி, கணக்கை மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கை முன்னால் வைத்து ஏற்காட்டு மக்களையும் வியாபாரிகளையும் அழைத்துப் பேச வேண்டும். அதுவரை விடுமுறை நாள் மாலைகளில் இறங்கும் அரசுப் பேருந்துக்கு வளைவுகளில் வழிவிட வைக்க, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் காவலர்களை நிறுத்த வேண்டும். எண்ணுவதற்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

மேலே பென்சிலால் போட்ட அதே நாலு எழுத்தை இதிலும் போட்டுப் பாருங்கள். மூன்றாம் பத்தியின் தொடக்கம் ‘எ’. கடைசிப் பத்தியின் கடைசி மூன்று ‘வேண்டும்’-களில் இரண்டு ஆட்சியருக்கு, ஒன்று கண்காணிப்பாளருக்கு. இரண்டாவதில் பெயர் இல்லையென்றாலும் முந்தைய வாக்கியத்தின் எழுவாய் தொடர்கிறது. குறையும் இருக்கிறது: ‘மலையை வெட்டினால்’ என்ற வாக்கியத்துக்கு ஒரு நிகழ்வைச் சான்றாகக் காட்டியிருக்கலாம். இடம் போதவில்லை என்பது எல்லா தலையங்கக்காரர்களும் சொல்கிற சாக்கு.

எட்டாம் படி: சீவுவது

தலைப்பு இரண்டு மூன்று சொல்லில் இருக்கட்டும். ஆச்சரியக்குறி வேண்டாம், கத்துகிறவரை யாரும் அருகில் வந்து கேட்பதில்லை. பழமொழியில் தொடங்காதீர்கள். ‘வேலியே பயிரை மேய்ந்த கதையாக’ என்று தொடங்கிய தலையங்கங்களை அடுக்கினால் சேர்வராயன் உயரத்துக்கு வரும். ‘நாம்’ என்று எழுதும்போது பத்திரிகையைச் சொல்கிறீர்களா, ஊரைச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பத்தியில் இரண்டும் கலந்தால் வாசகர் குழம்புவார். எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

ஒன்பதாம் படி: சட்டத்தின் ஓரம்

கொள்கையைத் திட்டலாம், நிர்வாகத்தைத் திட்டலாம். தனி மனிதர் மீது நிரூபிக்க முடியாத குற்றத்தை ஏற்றினால் அவதூறு. 2024 ஜூலை 1 முதல் அது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. தீர்ப்பு வந்து முடிந்த வழக்கை நியாயமாக விமர்சிக்க 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டமே இடம் தருகிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கில் இன்னார்தான் குற்றவாளி என்று முடிவுகட்ட அது இடம் தராது. சந்தேகம் வந்தால் பெயரை எடுத்துவிட்டுப் பதவியை வையுங்கள். அதிலும் சந்தேகம் என்றால் வக்கீலுக்குப் போன் போடுங்கள்.

பத்தாம் படி: ஒரு ராத்திரி ஆறப்போடுவது

காலையில் எழுந்து எண்களை மட்டும் மறுபடி சரிபாருங்கள். தேதி, தொகை, எண்ணிக்கை. நடை கொஞ்சம் சுமாராக இருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். ஓர் எண் தப்பாக இருந்தால் எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடும்.

சில மாதத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண், தன் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை இல்லாததைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். நல்ல எழுத்து. கடைசி வரி, ‘அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்’. நான் பழைய கேள்வியைக் கேட்டேன். யாருக்குப் போகிற கடுதாசி, பாப்பா? அவர் ஊராட்சி அலுவலகம் போனார். சாலை அவர்களுடையது இல்லை என்றார்கள். சாலைக்காரர்கள், நிறுத்தம் எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். கடைசியில் பொறுப்பு யாருடையது என்ற விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வந்து அந்த ஒரே வரியை மாற்றினார். தலையங்கத்தை எழுத அவருக்கு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த வரியின் எழுவாயைக் கண்டுபிடிக்க ஒன்பது நாள்.